கரும்பச்சை வண்டியில் நான் வெட்டியெடுத்த தகடு

பிள்ளைகளே, நம் தமிழ் மெக்கானிக் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டார்கள். முப்பத்தெட்டு வருஷம் குர்லாவில் கராஜ் வைத்திருந்தவன், புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வான் என்று நினைத்திருப்பார்கள். நல்ல வார்த்தை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு கெட்ட காரியத்தைச் சொல்கிறேன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாதியில் எழுந்து போகாதீர்கள்.

நான் பொறாமைக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பக்கத்துக் கராஜ்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வாங்கினபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் நானும் ஒன்று வாங்கினேன். அவருடையது என்னுடையதைவிட நாலு அங்குலம் கூடுதலாக உயரும் என்று தெரிந்ததும் மறுபடியும் சோறு இறங்கவில்லை. "ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட பக்கத்து வீட்டுக்காரனுக்கு எத்தனை டிகிரின்னுதான் கேப்பிய" என்பாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பு இல்லை.

அப்படிப்பட்டவனிடம் வந்து சேர்ந்தது ஹரிஹரன் சாரின் வண்டி. சார் மாட்டுங்காவில் இருப்பவர், பூர்வீகம் பாலக்காடு. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆபீஸில் வேலை பார்த்தார். அங்கே இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது தன் காரை இவரிடம் விற்றுவிட்டுப் போனார். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை, தெரிந்தவர்களுக்கு நான் சொல்லும் அடையாளமே போதும். கரும்பச்சை நிறம், நாலு கதவு. குடும்பத்தோடு கோவிலுக்குப் போகிற வண்டி மாதிரி சாதுவாக நிற்கும். பானெட்டைத் திறந்தால் உள்ளே பந்தயத்துக்காகச் செய்த இன்ஜின். இரட்டை கார்பரேட்டர். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்தில் நம்மூர் மெக்கானிக்குகளில் பாதிப் பேர் டிஸ்க் பிரேக்கைக் கண்ணால் பார்த்ததில்லை.

சார் அதை என் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி இறங்கியபோது எனக்கு வந்த முதல் எண்ணம், இந்த ஆளுக்கு எதற்கு இந்த வண்டி என்பதுதான். மெல்லிய மனுஷன். பேனா பிடித்த விரல்கள். நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். அந்த இன்ஜினுக்கு நாற்பது என்பது தூக்கம். தாராவியில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்துகொண்டு அடுத்தவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவன் நான், என் கைக்கல்லவா இது வரவேண்டும் என்று வயிறு எரிந்தது.

எரிந்த வயிறு சும்மா இருக்குமா? முதல் சர்வீஸ் முடிந்ததும் ட்ரயல் பார்க்கிறேன் என்று வண்டியை எடுத்தேன். ட்ரயல் என்றால் நமக்குக் கணக்கு தெரியும், சயான் வரை போய்த் திரும்பினால் போதும். நான் வீட்டுக்குப் போய் மனைவியை ஏற்றிக்கொண்டேன். அவளும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். செம்பூர், வாஷி பாலம், அதற்கும் அப்பால். ஆக்சிலேட்டரை மிதித்தேன் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாருடைய சொந்தக்காரர் ஒருவர் செம்பூர் சிக்னலில் எங்களைப் பார்த்துவிட்டார். விஷயம் மாட்டுங்காவுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சார் வந்தார். போச்சு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு வரைக்கும் போனே சுடலை?"

"நூறு தொட்டேன் சார். தப்புதான்."

"நூறுல ஸ்டீரிங் ஆடித்தோ?"

நான் முழித்தேன்.

"சொல்லுடா. நேக்கு அந்த வேகம் போகத் தைரியம் வராது. எப்படி இருந்துதுன்னு நீயாவது சொல்லு."

சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன். எந்தக் கியரில் என்ன சத்தம், வளைவில் பின்பக்கம் எப்படி அமர்ந்தது, கார்பரேட்டர் எங்கே மூச்சு வாங்கியது என்று எல்லாம். அவர் கதை கேட்கிற மாதிரி கேட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரிடமிருந்து போன் வரும். "சுடலை, மூணாவது கியர்ல ஒரு முனகல் கேக்கறதுடா, பூனை படியேறி வரச்சே முனகுமே அதுமாதிரி" என்பார். சார் வாயால் போனில் சொல்லும் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவேன். இருபத்தாறு வருஷம் இது நடந்தது. வீட்டில் பொண்ணு பார்க்க வந்தவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டு நான் அந்த முனகலைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

ட்ரயல் என்று சொல்லி ஊர் சுற்றாதீர்கள். எல்லா ஓனரும் ஹரிஹரன் சார் இல்லை.

இப்போது அந்தத் தகட்டுக்கு வருகிறேன். சாருடைய மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் இந்த வண்டியில்தான் மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வரவேண்டும் என்று சாருக்கு ஆசை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பிரேக் ஒழுக ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் எல்லாம் கிழடு தட்டிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய புது செட் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. மழைக்காலம் வேறு.

தாராவியில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் பெரிய பிரஸ் மெஷின்களுக்கு ரப்பர் வாஷர் வார்க்கிற பட்டறை வைத்திருந்தார். பழைய வாஷர்களை அவரிடம் கொண்டுபோனேன். அதே அளவில் அச்சுச் செய்து வார்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

"சுடலை, இது மிசின் எண்ணெய்க்குத் தாங்குத ரப்பர். கடையில விக்குத பிரேக் ஆயில இதுல ஊத்திராத. ஊறிப்போய் உப்பிரும். உப்பிச்சுன்னா பிரேக்கு பிடிச்ச பிடிய விடாது, சூடாயிக் கடைசில பிரேக்கே இல்லாமப் போயிரும். சொல்லிட்டேன்."

அதனால் பிரேக் முழுவதையும் கழற்றிக் கழுவி, எல்லா இடத்திலும் இந்த ரப்பரையே போட்டு, பிரேக் ஆயிலுக்குப் பதிலாக அந்த மிஷின் எண்ணெயை, அதாவது மினரல் ஆயிலை ஊற்றினேன். பிரமாதமாக வேலை செய்தது. கல்யாணமும் நடந்தது. அதன் பிறகு வெளிநாட்டு செட் வந்தும் நான் மாற்றவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

எங்கள் குர்லா சந்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தில் இல்லாத எதையாவது ஒரு வண்டிக்குள் செய்தால், அதை ஒரு தகரத் துண்டில் ஆணியால் குத்தி எழுதி, செம்புக் கம்பியால் அந்த இடத்திலேயே கட்டிவிட வேண்டும். நாளைக்கு அந்த வண்டியைத் திறக்கிறவன் இந்துவோ முஸ்லிமோ, நண்பனோ எதிரியோ, அவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். குடித்துவிட்டுப் புரளுகிற மெக்கானிக்கூட இதில் தவறமாட்டான். நானும் பிரேக் ஆயில் டப்பாவின் கழுத்தில் தகடு கட்டினேன். 'மினரல் ஆயில் மட்டும்' என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் குத்தினேன். பதினோரு வருஷம் அது அங்கேயே தொங்கியது.

பிறகு எனக்கு முழங்கால் போயிற்று. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. கராஜை ஒப்படைத்துவிட்டுச் செம்பூரில் மகள் வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. சாரிடம் சொன்னேன். மனதின் ஓரத்தில் ஒரு நப்பாசை. சாருக்கும் எழுபது தாண்டிவிட்டது, மகள் அமெரிக்காவில், இனி இதை யார் ஓட்டப்போகிறார்கள், சுடலை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவாரோ என்று. சொல்லியிருந்தால் எங்கே நிறுத்தியிருப்பேன் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

சார் சொன்னது வேறு. "செம்பூர்ல தினேஷ்னு ஒரு பையன், பழைய வண்டி மட்டும்தான் பாக்கறானாம். நன்னாப் பண்றான்னு சொல்றா. அவன்கிட்ட விட்டுடலாம்னு இருக்கேன். நீ ஒருதரம் கடைசியாப் பாத்துக் குடுத்துடு சுடலை."

தினேஷை எனக்குத் தெரியும். முப்பது வயசு. அப்பா அம்மா நம்ம பக்கம்தான், இவன் பிறந்து வளர்ந்தது செம்பூர். டிப்ளமா படித்தவன். கராஜ் தரையில் டைல்ஸ் போட்டவன். கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவன். கையுறையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கடைசி சர்வீஸில் எல்லாம் செய்தேன். பெல்ட் மாற்றினேன், கார்பரேட்டரைச் சுருதி சேர்த்தேன், கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். பானெட்டை மூடும் முன்பு கட்டிங் பிளேயரை எடுத்து அந்தச் செம்புக் கம்பியை வெட்டினேன். தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாரைக் கொல்ல நினைத்தேனா என்றால் இல்லை. இரண்டு மாதத்தில் பிரேக்கில் ஏதாவது சின்னக் கோளாறு வரும், டிப்ளமா முழிக்கும், சார் எனக்குப் போன் போட்டு "சுடலை, இவனுக்கு ஒண்ணும் தெரியலைடா" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காக வெட்டினேன். அதற்கு மேல் என் புத்தி போகவில்லை. பொறாமைக்குத் தூரப் பார்வை கிடையாது, பக்கத்துப் பார்வை மட்டும்தான். நிதானமாக யோசித்துச் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டே அதைச் செய்தேன் என்பதுதான் வெட்கம்.

செம்பூருக்குக் குடி வந்தேன். என் விதி, மகள் வீடும் தினேஷ் கராஜும் ஒரே ரோடு. அவன் கராஜுக்கு எதிரே ஒரு டீக்கடை. எனக்கு அங்கே டீ நன்றாக இருக்கும் என்று தோன்றியது. உண்மையில் கழுநீர் மாதிரி இருக்கும். தினமும் இரண்டு வேளை குடித்தேன். சாரின் வண்டி அங்கே வரும்போதெல்லாம் மூன்று வேளை. அவன் பானெட்டைத் திறப்பதையும் குனிவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுபோயிருந்தது. முனகலை எல்லாம் இப்போது அவனிடம் சொல்கிறார் போல.

ஒரு புதன்கிழமை. கரும்பச்சை வண்டி உள்ளே ஜாக்கியில் நின்றது. கராஜ் வாசல் குப்பைக் கூடையில் காலி பிரேக் ஆயில் டின்கள் இரண்டு கிடந்தன. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். உள்ளே இன்னொரு வண்டியும் நின்றது, அதற்காக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? ரோடு இருபது அடி. கடந்து போய், தம்பி, அதில் அது ஊற்றக்கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பான். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை சாரே வண்டியை எடுக்க வந்தார். டீக்கடையில் என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். "சுடலை! நாளைக்கு லோனாவாலா போறோம். மாமியும் வரா. கார்த்தால போயிட்டு வெயில் ஏறறதுக்குள்ள இறங்கிடுவோம். தினேஷ் எல்லா ஆயிலும் மாத்திட்டான், பிரேக் ஆயில் உள்பட."

மாமி என்றால் சாரின் மனைவி. அவர் அந்த வண்டியில் ஏறுவதே அபூர்வம். நான் சிரித்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்க சார்" என்றேன். பிள்ளைகளே, தகட்டை வெட்டியதைவிட இதுதான் பெரிய குற்றம். வெட்டும்போது நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. இப்போது எல்லாம் தெரிந்து சிரித்தேன். ஓரிரு நாளில் ரப்பர் ஒன்றும் ஆகாது, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்த ஆயில் உள்ளே போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் இட்லி வைத்தாள். இறங்கவில்லை. இந்தத் தடவை காரணம் லிஃப்ட் இல்லை. சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அந்த வண்டியை ஓட்டும்போது போனை அணைத்துவிடுவது அவர் வழக்கம். மறுபடி, மறுபடி. பதினோரு மணிக்குச் சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடாமல் நொண்டிக்கொண்டு தினேஷ் கராஜுக்குப் போனேன். அந்த இருபது அடி ரோட்டைக் கடக்க எனக்கு நாலு நாள் ஆகியிருக்கிறது.

"தினேஷ், சார் வண்டி பிரேக்குல இருக்குதது ஒரிஜினல் ரப்பர் இல்லல. மினரல் ஆயில்தான் ஊத்தணும். நீ ஊத்தினது ஆவாது."

அவன் கையுறையைக் கழற்றினான். என்னை இரண்டு விநாடி பார்த்தான். "அரே அண்ணாச்சி..." என்றவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "சார் போன் ஆஃப்லதான் இருக்கும். மாமிக்கு அடிக்கிறேன்" என்றான்.

அவனிடம் மாமி நம்பர் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் இல்லாத நம்பர், மூன்று மாதத்தில் அவனிடம் இருந்தது. உயிர் போகிற அந்த நேரத்தில் அதுகூட எனக்குச் சுருக்கென்று குத்தியது. என்ன பிறவி பாருங்கள்.

மாமி எடுத்தார். தினேஷ் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஆமாம்டா, இறங்கிண்டிருக்கோம். ஏதோ கருகின வாசனை வரது. முன்னாடி சக்கரத்துலேருந்து புகை வராப்பல இருக்கு. இவரானா ஒண்ணுமில்லேங்கறார்."

தினேஷ் போனை என் வாய்க்கு அருகில் நீட்டினான். வண்டியைத் தெரிந்தவன் நீ, பேசு என்பது போல.

"சார், சுடலை பேசுதேன். பிரேக் பெடல் எப்படி இருக்கு?"

சாரின் குரல் மெல்லியதாக வந்தது. "இத்தனை நாழி கல்லாட்டமா இருந்தது. இப்போ தரை வரைக்கும் போறதுடா. ஒண்ணுமே பிடிக்கலை."

"சாவிய மட்டும் அணைச்சிராதிய. ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுங்க. மூணாவது கியருக்கு வாங்க."

"வந்துட்டேன்."

"ரெண்டாவது போடணும். நேராப் போட்டா ஏறாது, தெரியும்லா? நியூட்ரல்ல ஒரு ரேஸ் குடுத்துப் போடுங்க."

கியர்ப் பல் உரசும் சத்தம் கேட்டது. ஏறவில்லை. பதறிப்போய் மூன்று யோசனையை ஒன்றாகச் சொல்லாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்று என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அது சரிதான். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"அவசரமில்ல சார். இன்னொருக்க. ரேஸ நல்லாக் குடுங்க."

இன்ஜின் உறுமியது. "ஏறிடுத்து" என்றார்.

"மாமி, இடது பக்கம் மலையா பள்ளமா?"

"மலைதான். ஓரத்துல கல்லு கட்டின ஓடை போறது."

"சார், ஹேண்ட் பிரேக் பொத்தான அமுக்கிக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமா இழுங்க. இடது சக்கரத்த அந்த ஓடைக்குள்ள இறக்கிருங்க. மலையில ஒரசட்டும்."

"சுடலை, இடது பக்கம் பூரா போயிடும்டா. நீ நாலு மாசம் உக்காந்து தகரம் தட்டிப் பெயிண்ட் அடிச்சது."

"போவட்டும் சார். இறக்குங்க."

தகரம் கிழிகிற சத்தம். நீளமாக வந்தது. மாமி சத்தம் போட்டார். தினேஷும் நானும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் மாமி குரல்தான் வந்தது. "நின்னுடுத்து. ரெண்டு பேரும் நன்னா இருக்கோம்."

தினேஷ் என்னைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினான். பன்வேல் தாண்டியதும் தலையைத் திருப்பாமல் கேட்டான். "பழைய ஆயில் கலர் வித்தியாசமா இருந்துச்சு அண்ணாச்சி. ரொம்ப நாள் ஆனதால அப்படின்னு நினைச்சேன். மோந்து பார்த்திருக்கணும், என் மிஸ்டேக். ஆனா நீங்க ஒரு தகடு கட்டியிருக்கலாமே?"

"கட்டியிருந்தேம்ல. கடைசி நாளு வெட்டிட்டேன்."

பைக் ஒரு நொடி ஆடியது.

மலைப்பாதையில் வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து ஓடைக்குள் கிடந்தது. முன் மட்கார்டிலிருந்து பின் கதவு வரை உரித்துப் போட்டிருந்தது. சாரும் மாமியும் ஒரே குடைக்குள் கல்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சார் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தெய்வமாட்டமா வந்தேடா சுடலை. நீ இல்லேன்னா எங்க ரெண்டு பேரையும் வாரிண்டுதான் போயிருக்கணும்." பிறகு தினேஷ் பக்கம் திரும்பினார். அவர் யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "என்னடா பண்ணினே பிரேக்கை? நாலு நாள் உன்கிட்ட இருந்தது. இருபத்தாறு வருஷம் இவன் கையில ஒரு குறை கிடையாது. டைல்ஸ் போட்டு வெச்சுட்டா வேலை தெரிஞ்சதா ஆயிடுமா?"

கேட்க இனிப்பாக இருந்தது. மறைக்கமாட்டேன். நான் எதற்காகக் கம்பியை வெட்டினேனோ அந்த வாக்கியம், நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்துகொண்டிருந்தது. வண்டி எனக்குத் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் திரும்பிவிட்டது. நான் சும்மா நின்றால் போதும்.

தினேஷ் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். ஒரே ஒரு வார்த்தையில் என்னை மாட்டிவிட்டிருக்கலாம். சொல்லவில்லை. நானாகச் சொல்கிறேனா என்று என்னைப் பார்க்கவும் இல்லை. நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் பைக்கிலிருந்து இறங்குவதற்கு முன்பே உளறியிருப்பேன். முப்பது வயசுப் பயலுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளே, மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அது பொய். அவன் என்னைவிடப் பெரிய மனுஷனாக அங்கே நிற்பதைப் பொறுக்க முடியாமல்தான் வாயைத் திறந்தேன்.

"அவன் மேல தப்பு இல்ல சார். உள்ள என்ன ஊத்தணும்னு தகடு கட்டியிருந்தேன். அவன்கிட்ட குடுக்கதுக்கு முன்னால நாந்தான் வெட்டிட்டேன். நேத்து நீங்க சொன்னப்பவும் தெரியும். சொல்லல."

"ஏன்?" என்றார் சார்.

"பொறாமை சார்."

சார் என் கையை விட்டார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாமிதான் பேசினார், குடையை மடக்கிக்கொண்டே.

"ஏண்டா சுடலை, நேக்கும்தான் இந்த வண்டி மேல பொறாமை. ஞாயித்துக்கெழமை நான் காப்பியை வெச்சுண்டு நிப்பேன். இவர் உன்கூடப் போன்ல கார்பரேட்டர் பேசிண்டிருப்பார். காப்பி ஆறிப்போயிடும். நேக்கு உன்மேலயும் பொறாமை, அதும்மேலயும் பொறாமை. இருபத்தாறு வருஷம். வீட்டு வாசல்லதான் நின்னுது. நான் ஒரு ஆணியத் தொட்டிருக்கேனா, சொல்லு?"

யாரும் சிரிக்கவில்லை. மாமியும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சார் பையிலிருந்து சாவியை எடுத்துத் தினேஷிடம் கொடுத்தார். "ஒரு லாரியைக் கூப்பிட்டு மெதுவா ஏத்திண்டு போ" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று தேடினேன், காணோம். "வெயில்ல நிக்காதே. நோக்கு சுகர் உண்டோன்னோ?" என்று கேட்டார்.

மறுநாள் தினேஷ் என்னைக் கூப்பிட்டான். போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து எந்த இடத்தில் எந்த ரப்பர் என்று சொல்லச் சொல்ல அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு ஒரிஜினல் செட் போட்டான். கையுறையோடு என்னைவிடச் சுத்தமாகச் செய்தான். முடித்ததும், தான் செய்த சின்ன மாற்றம் ஒன்றுக்கும் தகடு குத்திக் கட்டினான். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீங்கள் என்னிடமிருந்து ஒன்றும் கற்க வேண்டாம், முடிந்தால் அவன் கராஜில் ஒரு வாரம் நின்று பாருங்கள். இதை எழுதும்போது எனக்கு இனிக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

வண்டியின் இடது பக்கம் சரியாவதற்கு ஐந்து மாதம் ஆனது. இப்போதும் ஓடுகிறது. சார் என்னோடு பேசாமல் இருந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. முழங்கால் எப்படி இருக்கிறது, மகள் சௌக்கியமா, சுகர் குறைந்ததா என்று அக்கறையாகக் கேட்கிறார். வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. ஒருமுறை நானாகவே, மூன்றாவது கியர் முனகல் இப்போது எப்படி சார் என்று கேட்டேன். "அதெல்லாம் தினேஷ் பாத்துக்கறான், நீ மாத்திரை சாப்பிட்டயோ?" என்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த வண்டி அல்ல, அந்த முனகலைப் பற்றி அவர் என்னிடம் சொல்வதுதான் என்று போனை வைத்த பிறகு எனக்குத் தெரிந்தது.